வெந்நீரில் வெந்த ஸ்பேஸ்பார்

மாடி அறைக் கதவைத் தள்ளும் முன்பே சத்தம் கேட்டுவிட்டது. உள்ளே மூன்று பேர், மூன்று கீபோர்டுகள். ஒன்றுகூட எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகப்படவில்லை. சும்மா தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தட்ட, மற்ற இருவரும் கண்ணை மூடித் தலையாட்டுகிறார்கள். மார்கழிக் கச்சேரியில் முதல் வரிசை மாமாக்கள் இவர்களிடம் தோற்க வேண்டும்.

"செருப்பை வெளியிலயே விட்டுட்டு, பார்த்து வா. தரையில ஸ்பிரிங் ஒண்ணு விழுந்திருக்கு. மிதிச்சே, கொன்னுடுவேன்."

இதுதான் நண்பனின் வரவேற்பு. நங்கநல்லூரில் ஒரு சனிக்கிழமை இரவு. "இன்னிக்கு ஸ்பேஸ்பாரை வேகவைக்கப் போறோம், வர்றியா?" என்று மதியமே செய்தி அனுப்பியிருந்தான். கல்யாணச் சாப்பாட்டையே தட்டிக்கழிப்பவன் நான். இதை எப்படி மறுப்பேன்?

அறை ஒரு சின்னத் தொழிற்சாலை. அரிசி புடைக்கிற முறத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஸ்விட்சுகள் பிரித்துப் போடப்பட்டிருந்தன. மேல்மூடி ஒரு குவியல், தண்டு ஒரு குவியல், அடிப்பெட்டி ஒரு குவியல். ஸ்பிரிங்குகள் மட்டும் தனியாக ஒரு மூடி போட்ட டப்பாவில், ஏனென்றால் அவை ஓடிப்போகும் ஜாதி. பக்கத்தில் மூக்குப்பொடி டப்பா அளவில் கிரைடாக்ஸ் என்கிற வெள்ளைக் கிரீஸ். ஓவியம் வரைகிற மெல்லிய தூரிகையால் அதைத் தொட்டு, ஒவ்வொரு தண்டின் இரு பக்கமும் திருநீறு பூசுவது போல லேசாக ஓர் இழுப்பு. ஒரு ஸ்விட்சுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் முழு முறத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். கொஞ்சம் அதிகமாகப் பூசினால் விசை சேற்றில் இறங்குவது போல இறங்கும், பிறகு எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி ஒருமுறை நடந்ததைப் பற்றி நண்பனிடம் இன்றும் யாரும் பேசுவதில்லை.

இந்த ஸ்விட்சுகள் எல்லாமே ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்சின் வாரிசுகள். அழுத்தினால் சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி தூரத்தில், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். மீதி 2 மில்லிமீட்டர்? அது முழுக்க முழுக்கச் சுகத்துக்கு! அந்த 2 மில்லிமீட்டரின் முடிவில் எழும் சத்தத்துக்காகத்தான் இவர்கள் சம்பளத்தைக் கொட்டுகிறார்கள். கனமாக, ஆழமாக, மரக்கதவில் விரல் முட்டியால் தட்டியது போல விழுந்தால் அதற்கு 'தாக்' என்று பெயர். கூர்மையாகத் தெறித்தால் 'கிளாக்'. தாக் கட்சிக்கும் கிளாக் கட்சிக்கும் சம்பந்தம் பேச முடியாது.

சத்தத்தைவிடப் பெரிய சண்டை லேஅவுட். எந்த விசை இருக்கலாம், எது இருக்கக் கூடாது, எது எங்கே உட்கார வேண்டும்?

ஆடிட்டர் அக்காவிடம் இருப்பது முழு அளவுக் கீபோர்டு. அதுவும் எண்கள் மட்டும் உள்ள நம்பர்பேடு இடது பக்கம் இருக்கும் சவுத்பா. "நாள் பூரா டேலியில கிடக்கேன்டா. நம்பர்பேடு இல்லாத கீபோர்டு எனக்குப் பல்லு இல்லாத சீப்பு" என்பார். வலது கை மவுஸிலேயே இருக்க, இடது கை எண்களைப் பொழிகிறது. முதல் ஒரு வாரம் எல்லா வவுச்சரும் தப்பாகிப் போனதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை பெருமை.

கல்லூரித் தம்பி நேர் எதிர். அவன் கையில் இருப்பது பிளாங்க் வகை. நாற்பது சதவீதம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எண்ணினால் 47 விசை. எண் வரிசை கிடையாது. விசைகளெல்லாம் சாய்வாக இல்லாமல் பல்லாங்குழி மாதிரி நேர்க்கோட்டில். எண் வேண்டுமென்றால் கட்டைவிரலால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு மேல் வரிசையைத் தட்ட வேண்டும். இந்த மறை அடுக்குக்கு 'லேயர்' என்று பெயர். விசைகள் சாய்ந்து நிற்பதே பழைய தட்டச்சுப் பொறியின் இரும்புக் கரங்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கத்தான். "கரமே போயிடுச்சு, சாய்வு மட்டும் எதுக்குண்ணா?" என்று கேட்கிறான். பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அவன் கீபோர்டை வாங்கித் தமிழில் தட்டிப் பார்த்தேன்.

அங்கேதான் வேடிக்கை. நான் தமிழ்99 ஆள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த அமைப்பு அது. உயிர் 12, மெய் 18, ஒரு புள்ளி, ஆக 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கிவிடும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் ஆங்கிலத்துக்கு 26 விசை போதும், நமக்கு 31. மிச்சம் ஐந்தும் எங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன தெரியுமா? வலது ஓரத்துக் குறியீட்டு விசைகளில். அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் ந. மேற்கோள் குறியில் ய. சாய்கோட்டில் ழ. இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. தம்பியின் கீபோர்டில் அந்தச் சதுர அடைப்புக்குறிகள் இல்லை.

'சாப்பிட்டாச்சா' என்று எழுதப் போனேன். 'ச' இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது? உலகமெங்கும் இந்தச் சின்னக் கீபோர்டை வடிவமைப்பவர்கள் 'ரொம்ப அபூர்வமா வர்ற விசை, தூக்கிடலாம்' என்று நீக்கியது நம்முடைய சகரத்தை! "லேயர்ல வச்சுக்கலாம்ணா" என்றான் தம்பி. ஒவ்வொரு சகரத்துக்கும் கட்டைவிரலைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் பத்திரிகைக்கு எழுதினால் இதழ் அடுத்த மாதம்தான் வரும். அன்றோடு எனக்கு நாற்பது சதவீத ஆசை போயிற்று.

அதே தமிழ்99இல் ஒரு சின்ன ஆனந்தமும் உண்டு. எஃப், ஜே இரண்டு விசைகளிலும் விரல் இடம் கண்டுபிடிக்க ஒரு சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். தமிழ்99இல் எஃப்பில் உட்கார்ந்திருப்பது புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு விரல் தேடும் அந்த மேடே நமக்கு மெய்யெழுத்தின் புள்ளி!

நண்பன் வைத்திருப்பது ஹேப்பி ஹேக்கிங் பாணி. அந்தக் கீபோர்டு ஜப்பானியக் கணினி அறிஞர் எயிச்சி வாடாவின் யோசனையில், பிஎஃப்யூ நிறுவனம் 1996இல் வெளியிட்டது. மொத்தம் 60 விசை. கேப்ஸ் லாக் இருக்க வேண்டிய இடத்தில் கண்ட்ரோல். 'அது புதுமை இல்லை, பழைய டெர்மினல்களில் கண்ட்ரோல் அங்கேதான் இருந்தது' என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்துவான். உண்மைதான். 1970களின் ஏடிஎம்-3ஏ டெர்மினலில் கண்ட்ரோல் அங்கேதான். அம்புக்குறிகளோ ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அச்சிடப்பட்டிருந்தன. பில் ஜாய் அந்த டெர்மினலில் உட்கார்ந்து விஐ எடிட்டரை எழுதினார். இன்றைக்கும் நிரல் எழுதுபவர்கள் அந்த நான்கு எழுத்தால் திரையில் நடமாடுவது அதனால்தான். எனக்கு இந்த வம்சப் பெருமையில் ஒன்றும் குறையில்லை. ஆனால் தனி அம்புக்குறி இல்லாத கீபோர்டில் ஒற்றுப்பிழை திருத்திப் பாருங்கள், பிறகு பேசலாம்.

சரி, வேகவைக்க வந்த கதைக்கு வருவோம். நண்பனின் கீபோர்டில் ஸ்பேஸ்பார் 7 யூனிட் நீளம். ஒரு யூனிட் என்பது ஒரு சாதாரண எழுத்து விசைக்கு ஒதுக்கும் இடம், 19.05 மில்லிமீட்டர். ஆக, 133 மில்லிமீட்டர்! கடையில் வாங்கும் கீபோர்டில் பெரும்பாலும் 6.25 யூனிட். 1980களின் ஐபிஎம் மாடல் எம் வைத்திருந்தது 7 யூனிட்தான். பிறகு விண்டோஸ் விசை வந்து 'கொஞ்சம் நகருங்க' என்று இடம் கேட்டது, ஸ்பேஸ்பார் இளைத்தது. இந்தக் கூட்டம் அதை மறுபடி கொழுக்க வைத்திருக்கிறது. ஜப்பானியக் கீபோர்டுகளில் எழுத்து மாற்றும் விசைகள் இரு புறமும் உட்கார்ந்திருப்பதால் ஸ்பேஸ்பார் கையடக்கமாக இருக்கும்.

இவ்வளவு நீளம் உண்மையில் வேண்டுமா? உங்கள் கீபோர்டைச் சற்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்பேஸ்பாரில் ஒரே ஓர் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம்தான். மற்ற கட்டைவிரல் பிறந்ததிலிருந்து வேலைக்கே வந்ததில்லை. தம்பி தன் ஸ்பேஸ்பாரைச் சின்ன விசையாகக் குறுக்கிவிட்டு, மிஞ்சிய இடத்தில் வேறு விசைகளை வைத்திருக்கிறான். நியாயப்படி அவன் செய்ததுதான் சரி. ஆனால் நீள ஸ்பேஸ்பாரின் அந்த 'தாக்' இருக்கிறதே! கோயில் கதவு சாத்துவது போல.

அந்த 'தாக்' தான் வரவில்லை. பல மாதம் காத்திருந்து நண்பன் வாங்கிய புதுக் கீகேப் (விசைத் தொப்பி) செட்டில் எல்லா எழுத்தும் முத்து முத்தாக இருக்க, ஸ்பேஸ்பார் மட்டும் வளைந்திருந்தது. விற்றவர் எழுதிய பதில், 'இந்தப் பொருளுக்கு இது இயல்பு.' அயோக்கியத்தனமான பதில், ஆனால் அறிவியல்படி பொய் இல்லை.

கீகேப் செய்ய இரண்டு பிளாஸ்டிக்தான் பெரும்பாலும். ஏபிஎஸ் சீக்கிரம் தேய்ந்து பளபளக்கும், ஆனால் வார்ப்பில் சொன்னபடி நிற்கும். பிபிடி வருடக்கணக்கில் சொரசொரப்பு மாறாமல் உழைக்கும், ஆனால் ஆறும்போது சுருங்கும். ஏபிஎஸ் ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்கினால், பிபிடி 2 சதவீதம் வரை போகும். 133 மில்லிமீட்டரில் அது இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். மொத்தமும் ஒரே சீராகச் சுருங்கினால் அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டிச் சமாளித்துவிடலாம். ஆனால் தண்டு நிற்கும் இடம் தடிமன், ஓரம் மெல்லிசு. ஓரம் முதலில் ஆறும், நடு அப்புறம். வெயிலில் காயும் அப்பளம் ஓரத்தில் முறுக்கிக்கொள்ளுமே, அதே கதை. எழுத்தைச் சாயத்தால் பதிக்கும் முறையென்றால் அதற்காக மறுபடி ஒரு சூடு, அதில் இன்னொரு முறுக்கு. பழைய கீபோர்டுகள் சிலவற்றில் எழுத்தெல்லாம் வெள்ளையாக இருக்க ஸ்பேஸ்பார் மட்டும் மஞ்சளாகப் பல்லிளிக்கும், பார்த்திருப்பீர்கள். வளைவுக்குப் பயந்து அதை மட்டும் ஏபிஎஸ்ஸில் வார்த்திருப்பார்கள்.

"இது பிபிடிதான்னு எப்படிடா நம்புறே? பெட்டி மேல எழுதியிருந்தா ஆச்சா?" என்றார் அக்கா. ஆடிட்டர் இல்லையா! உடனே சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரில் அள்ளி அள்ளி உப்புக் கரைத்து, அதே செட்டின் உபரி விசை ஒன்றைப் போட்டு, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழியைக் குச்சியால் தட்டிவிட்டான் தம்பி. நேரே அடிக்குப் போய் உட்கார்ந்தது. ஏபிஎஸ்ஸாக இருந்தால் மிதந்திருக்கும். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் பிரிப்பார்களே, அந்த வித்தை.

இந்தச் சோதனை வெறும் விளையாட்டில்லை. பிபிடி சுமார் 50 டிகிரியைத் தாண்டியதும் கெட்டித்தனம் தளரத் தொடங்கும். உருக வேண்டுமென்றால் 220 டிகிரிக்கு மேல் போக வேண்டும். கொதிநீர் அதற்கு நடுவே சௌகரியமாக இருக்கிறது, வளையும், உருகாது. ஏபிஎஸ்ஸோ 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே மொத்தமாகத் தொய்ந்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் அதைப் போடுவது கிணற்று விளிம்பில் நடப்பது.

நால்வரும் ஊர்வலமாகக் கீழே இறங்கிச் சமையலறைக்குள் போனோம். முதலில் நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். சமையல் மேடைக் கருங்கல்லைத் துடைத்துவிட்டு ஸ்பேஸ்பாரை அதன் மேல் வைத்து ஒரு மூலையைத் தட்டினான். டக் டக் டக். தொட்டில் மாதிரி ஆடியது. நடுவயிறு கல்லில் பட, இரண்டு நுனியும் தூக்கிக்கொண்டு நின்றன. செல்போன் விளக்கைப் பின்னால் பிடித்தால் நுனிகளின் அடியில் கீற்றாக வெளிச்சம். வீட்டில் இதைவிடச் சமதளமான இடம் கிடையாது. கண்ணாடி மேசை இருந்தால் அதுவும் ஆகும்.

தண்ணீர் கொதித்தது. அடுப்பை அணைத்து, குமிழி அடங்கியதும் இடுக்கியால் பிடித்து உள்ளே விட்டான். இரண்டு நிமிடம் என்று தம்பி செல்போனில் கடிகாரம் வைத்தான். அப்போதுதான் நண்பனின் அம்மா உள்ளே வந்தார்.

"ஏண்டா, பால் காய்ச்சுற பாத்திரத்துலயா பிளாஸ்டிக்கை வேகவைப்பீங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லக் கூடாதாப்பா?" நான் குனிந்து ஸ்பேஸ்பாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "முட்டையா அது, உத்து உத்துப் பாக்கிறதுக்கு!"

கடிகாரம் அலறியது. வெளியே எடுத்து, துணியில் பிடித்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் லேசாக அழுத்தி, கல் மேல் வைத்தாயிற்று. மேலே கனம் வேண்டும். புத்தகம் வைக்கலாமா என்று யோசிப்பதற்குள் அம்மாவே பரணைக் காட்டினார். அங்கே தாத்தா காலத்துப் பித்தளை இஸ்திரிப்பெட்டி, கரி போடுவது. அடி தட்டை, கனம் அசாத்தியம்! துணியை மடித்துப் போட்டு அதன் மேல் ஏற்றினோம். முழுதாக ஆறும் வரை தொடக் கூடாது. இதில்தான் எல்லோரும் தோற்பது. சூடு உள்ளே இருக்கும்போதே எடுத்தால் பழைய புத்தி திரும்பிவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் எங்களுக்குக் காபி கிடைத்தது, வேறு பாத்திரத்தில் காய்ச்சிய பாலில்.

எடுத்துக் கல்லில் வைத்துத் தட்டினோம். ஆடவில்லை. ஹே என்று கத்தியபடி செல்போன் விளக்கைப் பிடித்தால், இப்போது நடுவில் வெளிச்சம் தெரிகிறது. வில் மாதிரி எதிர்ப்பக்கம் வளைந்துவிட்டது! ரொம்ப ஆர்வமாக அழுத்தியிருக்கிறான். மறுபடி அடுப்பு, மறுபடி வெந்நீர், இந்த முறை ஒரே நிமிடம், கையால் அழுத்தாமல் இஸ்திரிப்பெட்டியின் கனத்துக்கே விட்டுவிட்டோம். மூன்றாவது பார்வையில் கீற்று போய்விட்டது.

மாடிக்கு ஓடினோம். மாட்டினான். தட்டினான்.

கிடுகிடு.

தாக் இல்லை. தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டியது போலக் கிடுகிடு. நான்கு முகத்திலும் ஈயாடவில்லை. முதலில் வாய் திறந்தவர் அக்கா. "கம்பியைப் பாத்தியாடா?"

நீள விசைகளுக்கு அடியில் ஸ்டெபிலைசர் என்று ஒன்று உண்டு. எந்த நுனியைத் தட்டினாலும் விசை முழுதும் சேர்ந்து இறங்குவதற்காக, இரண்டு கால்களை இணைக்கும் ஒற்றை இரும்புக் கம்பி. 7 யூனிட்டுக்கு அந்தக் கால்களின் இடைவெளி 114.3 மில்லிமீட்டர். கம்பியின் ஒரு முனை மயிரிழை தூக்கியிருந்தால் போதும், ஒரு கால் தரையைத் தொடும், இன்னொன்று அந்தரத்தில் நடுங்கும். கழற்றிக் கீழே கொண்டுபோய் அதே கருங்கல்லில் வைத்துத் தட்டினால், வலது முனை டிக் டிக் என்றது. ஸ்பேஸ்பாரின் வளைவு இத்தனை நாள் கம்பியின் திருட்டை மறைத்திருக்கிறது! குறடால் பிடித்து மூச்சு விடாமல் ஒரு திருகு, கல்லில் வைத்துப் பார்ப்பது, இன்னொரு திருகு. ஏழாவது தடவை அடங்கியது. முனைகளில் கிரீஸ். கால்கள் இடிக்கும் இடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் துணிப் பகுதியை வெட்டி ஒட்டினான். சிரிக்காதீர்கள், இது உலகமெங்கும் செய்யும் வைத்தியம். பெயரே பேண்ட்எய்ட் மாட்.

மணி பன்னிரண்டரை. எல்லாவற்றையும் மாட்டி, முதல்முறையாகக் கம்ப்யூட்டரில் செருகி, மரியாதை நிமித்தம் என் முன்னால் நகர்த்தினான். "நீதான் தட்டணும். தமிழ்ல தட்டு." அம்மாவும் மேலே வந்து கதவோரம் நின்றார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். எல்லோர் காதும் அந்த ஒரு விசைக்காகக் காத்திருந்தது.

நான் யோசிக்காமல் ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்...

வார்த்தை முடியவே இல்லை. அக்கா முன்னால் சாய்ந்தார். தம்பி ஒரு கண்ணைத் திறந்தான். ...கூடத்தெரியாமல்போய்விட்டிருந்ததை...

"டேய், ஸ்பேஸ் தட்டித் தொலைடா!" என்று கத்தினான் நண்பன்.

தட்டினேன்.

தாக்.

கதவோரத்திலிருந்து அம்மா, "இன்னொரு தடவை தட்டுப்பா" என்றார்.